முன்சக்கரத்துக் கருப்பு

பத்துப் பதினைந்து நாள் ஓடிய காரை நிறுத்திவிட்டு ஒருமுறை சுற்றி வந்து சக்கரங்களைப் பாருங்கள். பின்சக்கரங்களில் சாதாரணத் தெருப்புழுதி இருக்கும்; விரலால் கோடு இழுத்தால் உதிர்ந்துவிடும். முன்சக்கரங்கள் மட்டும் கறுத்திருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும், தண்ணீர் ஊற்றினால் அசையாது. நான்கும் ஒரே சாலையில்தான் உருண்டிருக்கின்றன. பிறகு முன்னால் மட்டும் ஏன் இந்தக் கருப்பு?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி. 2000-க்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள். காலேஜ் லீவு விட்டால் நான் அவர் கடையில் கையாள். இரண்டு ரேம்ப், ஒரு கம்ப்ரஸர், மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கீழே சோப் ஆயில் கேன்கள், கொடியில் காயும் பனியன் துணிகள், கடை அவ்வளவுதான். அண்ணாச்சி வெள்ளை வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, வந்த வண்டியின் முன்சக்கரத்துக்கு எதிரே குந்துவார். டிரைவர் முகத்தை அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

“பிரேக்க அமுக்குனா வண்டியோட வெயிட்டு பூரா முன்னால சாயும்லா? அப்ப முன்சக்கரந்தான் சுமக்கும். சுமக்கவன் மூஞ்சிதாம்லே கறுக்கும்” என்றார். சக்கரத்தில் ஒட்டியிருப்பது ஊர்ப்புழுதியில்லை, வண்டியே தேய்ந்து உதிர்த்த தூள் என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். அந்தக் கடையில் நான் கற்றது எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்வதானால் இதுதான்: அழுக்கு எங்கே பிறந்தது என்று தெரியாமல் அதன்மேல் கை வைக்கக்கூடாது.

அதற்கு முந்தின காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. பழைய அம்பாசிடரில் சக்கரத்துக்குள் டிரம் பிரேக். லைனிங் தேயும் தூள் டிரம்முக்குள்ளேயே அடைந்து கிடக்கும். மெக்கானிக் கழற்றினால்தான் வெளியே வரும். சக்கரமும் இரும்புத் தகடு. மேலே ஒரு வீல் கப் மூடியிருக்கும். டிஸ்க் பிரேக் வந்தபோது கதை மாறியது. டிஸ்க்கும் பேடும் வெட்டவெளியில் உரசுகின்றன. அலாய் வீல் வந்ததும் இன்னும் மாறியது. ஆரங்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளி. உள்ளே இருக்கும் டிஸ்க் தெருவிலிருந்தே தெரியும். காற்று அதன் வழியாகப் புகுந்து பிரேக்கைக் குளிர வைக்கும். அதே வழியாகத் தூளும் வெளியே வந்து வெள்ளிநிற ஆரங்களில் படியும். அழகுக்காக மாட்டிய சக்கரம், அழுக்கை ஊருக்கெல்லாம் காட்டுகிற சக்கரமும் ஆகிவிட்டது.

டிரம்முக்குள் அடைந்த தூளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் கடைக்கு அடுத்தாற்போல் ஒரு மெக்கானிக் பட்டறை இருந்தது. அங்கே டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றைப் பீய்ச்சி ஊதிவிடுவார்கள். சாம்பல்நிறப் புகை எழும்பிப் பட்டறை முழுக்கப் பரவும். அண்ணாச்சி இங்கிருந்தே கத்துவார்: “ஏ, தண்ணியத் தெளிச்சுட்டுத் தொடைவே! அத மூக்குல ஏத்தாத!” அவர் இளவயதில் ஒரு பஸ் கம்பெனியில் கிளீனராக இருந்தவர். அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல ஆண்டு கழித்து நோயாக வரும். அண்ணாச்சிக்கு அந்தப் பெயர் தெரியாது. கூட வேலை பார்த்தவர்களின் இருமல் தெரியும்.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் சக்கரம் கழுவுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வண்டி வந்தாலும் அந்தப் பக்கத்தின் மண் சக்கரத்தில் வந்துவிடும். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் போய்வந்த வண்டியில் கரிசல். மழைக்காலத்தில் அது ஆரத்தின் உள்மடிப்பில் அப்பிக் காய்ந்து இறுகியிருக்கும். அதை ஊற வைக்கத்தான் வேண்டும். காய்ந்த கரிசலை உரசினால் அதற்குள் இருக்கும் சின்னக் கல் லாக்கர் பூச்சைக் கீறிவிடும். சாத்தான்குளம் பக்கம் போன வண்டியில் தேரி மணல், நல்ல செம்மண் நிறம். அது காய்ந்தபடியே உதிரும். ஆனால் துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்ட கதையாகும். திருச்செந்தூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வருகிற வண்டியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நாக்கில் வைத்தால்தான் தெரியும், உப்பு. கடற்காற்றும் உப்பளக்காற்றும் கொண்டுவந்தது. வீல் நட்டுகளைச் சுற்றி அது உட்கார்ந்தால் வெள்ளை பூக்கும். அதற்கு ஷாம்பு தேவையில்லை, தாராளமாகத் தண்ணீர் போதும். புதுத் தார் போட்ட ரோட்டில் வந்திருந்தால் கறுப்புப் பொட்டுகள். அவை மண்ணெண்ணெய் தோய்த்த துணிக்கு மட்டும் கட்டுப்படும். எடுத்த கையோடு சோப்பு போட்டு எண்ணெய்ப் பசையை இறக்கிவிட வேண்டும்.

மேற்கே மலையிலிருந்து இறங்கி வருகிற வண்டிதான் எங்களைப் பெண்டு நிமிர்த்தும். மணிமுத்தாறு அணையைத் தாண்டி வனத்துறைச் சோதனைச் சாவடியில் அனுமதி வாங்கிக்கொண்டு மேலே ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியில் குதிரைவெட்டி. போகும்போது எஞ்சின் பாடுபடும். வரும்போது பிரேக் பாடுபடும். சமவெளியில் ஓட்டிப் பழகிய டிரைவர்கள் நான்காவது கியரைப் போட்டுக்கொண்டு, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே இறங்குவார்கள். பேடு கருகும் நெடி வண்டிக்குள்ளேயே அடிக்கும். செங்கோட்டை வழியாக ஆரியங்காவு கணவாயில் ஏறி இறங்குகிற வண்டிகளுக்கும் இதே கதி. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போய்த் திரும்புகிற வண்டிகள் கடை வாசலில் வரிசையாக நிற்கும். நம்பர் பிளேட்டைப் பார்த்தால் சென்னை, ஆந்திரா. முன்சக்கரத்தைப் பார்த்தால் மலை.

அந்தக் கருமைக்குள் என்ன இருக்கிறது? அண்ணாச்சி ஒருநாள் காட்டினார். கழுவிய தண்ணீர் போய் விழுகிற குழியில் அடியில் கறுப்பாக வண்டல் தங்கியிருக்கும். பழைய ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சுற்றி, அந்த வண்டலுக்குள் விட்டு ஒரு கலக்குக் கலக்கி எடுத்தார். கவரைச் சுற்றிக் கறுப்பாகத் தாடி முளைத்திருந்தது. “பாத்தியாலே? இரும்பு!”

இரும்பேதான். காரின் டிஸ்க் வார்ப்பிரும்பில் செய்வது. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பேடில் உலோகத் தூள், நார், கரி, பிசின் என்று பலதும் கலந்திருக்கும். ஓடுகிற வண்டியின் வேகம் முழுவதும் அந்த உரசலில் சூடாக மாறித்தான் வண்டி நிற்கிறது. பேடு தேய்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்; கூடவே டிஸ்க்கும் தேய்கிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. தூளில் பெரும்பங்கு இரும்பாக இருப்பது அதனால்தான். உதிர்கிற துகள் சூடாக உதிர்கிறது. சக்கரத்தின் லாக்கர் பூச்சில் போய் விழுந்ததும் கொஞ்சம் இளக்கிக்கொண்டு உள்ளே பதிந்துவிடும். பேடில் உள்ள பிசினும் சேர்ந்து அதை ஒட்டவைக்கும். ஒரு மழை பெய்தாலோ ஒருமுறை கழுவி ஈரத்தோடு விட்டாலோ அந்தத் துகள் துருப்பிடிக்கும். துரு பருக்கும். பருத்தால் பூச்சுக்குள் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கறுப்பைக் கழுவிவிட்டோம் என்று நிமிர்ந்தால் இரண்டு நாளில் சக்கரம் முழுக்க ஆரஞ்சு நிறப் பொடிப்புள்ளிகள் தெரிவது இதனால்தான். தேரியின் சிவப்பும் இரும்புத் துரு கொடுத்த சிவப்பு, சக்கரத்துப் புள்ளியின் சிவப்பும் அதே துரு. தேரி மண் மேலே கிடக்கிறது, தட்டினால் போகும். இது வேரோடியிருக்கிறது.

வேரோடியதைப் பிடுங்க ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருந்தார்கள். பாத்திரம் விளக்கும் பவுடரும் கம்பி நாரும் போட்டுத் தேய்ப்பார்கள். கருப்பு போகும், பூச்சும் போகும். தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டுவந்த ஒரு பெரியவரை எனக்கு நினைவிருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவது மாதிரி அலாய் வீலையும் விளக்கலாம் என்று நினைத்தவர்கள் உண்டு. எல்லாவற்றிலும் கொடுமை கக்கூஸ் கழுவுகிற ஆசிட். தண்ணீர் கலந்து ஒரு பிரஷ்ஷால் பூசினால் நுரை பொங்கும். கறுப்பு கரைந்து ஓடும். சக்கரம் புதுசாகப் பளிச்சிடும். வண்டிக்காரர் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார். சில வாரத்தில் சக்கரத்தில் வெள்ளைத் திட்டு விழும். லாக்கர் பொருக்குப் பொருக்காக உரியும்.

அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைக்க எங்கள் பெரியம்மா விடமாட்டாள். காலையில் சட்டியின் உட்பக்கம் பொரிந்துவிடும், குழம்பும் கெட்டுவிடும் என்பாள். அலாய் வீலும் அலுமினியம்தான். ஏழு சதவீதம் அளவுக்குச் சிலிக்கானும் துளி மக்னீசியமும் சேர்த்து வார்த்து, சூடாக்கிப் பக்குவப்படுத்தியது. அலுமினியத்துக்கு ஒரு குணம், புளிப்பும் ஆகாது, காரமும் ஆகாது. ஆசிட்டும் அதை அரிக்கும், காஸ்டிக் சோடாவும் அரிக்கும். மேலே பூசிய லாக்கர்தான் அதற்குக் காவல். கல் தெறித்தோ நடைபாதை விளிம்பில் உரசியோ அந்தக் காவல் ஓரிடத்தில் உடைந்திருந்தால் ஆசிட் அந்த வழியாக உள்ளே இறங்கிப் பூச்சுக்கு அடியில் பரவும். சக்கரத்தோடு போவதும் இல்லை. தெறித்த ஆசிட் டிஸ்க்கிலும் நட்டிலும் உட்கார்ந்து அவற்றையும் தின்னும். சில நாடுகளில் சக்கரம் கழுவ விற்ற மருந்துகளில் ஹைட்ரோபுளோரிக் ஆசிட் இருந்திருக்கிறது. அது தோல்வழியாக உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்ட உடனே எரியாது, எரியத் தொடங்கும்போது காரியம் கைமீறியிருக்கும். சக்கரத்தின் பளபளப்புக்குக் கையை விலையாகக் கேட்கிற சரக்கு அது.

அண்ணாச்சி கடையில் ஆசிட் கிடையாது. அவர் முறை மெதுவானது. வெயிலில் ஓடிவந்த வண்டியை முதலில் வேப்பமரத்து நிழலில் நிறுத்தச் சொல்வார். டிரைவர் டீ குடித்துவிட்டு வரவேண்டும். சூடான டிஸ்க்கில் பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சினால் அது கோணும் என்பார். சூடான ஆரத்தில் சோப்புத் தண்ணீர் காய்ந்து திட்டாக ஒட்டும் என்பதும் ஒரு காரணம். ஆறியதும், பாடியைத் தொடுவதற்கு முன்னாலேயே சக்கர வேலை. கடைசியில் சக்கரத்தைக் கழுவினால் கழுவிய கதவில் அழுக்கு தெறிக்குமல்லவா? சக்கரத்துக்கென்று தனி வாளி, தனித் துணி. அந்தத் துணி தவறிப்போய்க்கூட பானட் பக்கம் போகக்கூடாது. அதில் இரும்புத் தூள் இருக்கிறது, பெயின்ட்டைக் கீறிவிடும்.

பிறகு ஒவ்வொரு சக்கரமாக. முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்கிறதை உதிர்ப்பது. அப்புறம் ஷாம்பு நுரையைப் பூசி ஊறவிடுவது. பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷில் நான்கு விரல் அகலத்தில் ஒன்று, நட்டுக் குழிக்குப் பழைய டூத் பிரஷ், ஆரத்தின் பின்பக்கத்துக்குக் குச்சியில் சுற்றிய பனியன் துணி. “தேய்க்காதலே, தடவு. ஊறுனா தானா வரும். வரலைன்னா இன்னும் ஊறலன்னு அர்த்தம்” என்பார். எனக்கோ பொறுமை இல்லாத வயசு. வாசலில் அடுத்த வண்டி நிற்கும். அவர் அசைய மாட்டார். எல்லாரும் பார்க்கிற முகப்பைவிட, யாரும் பார்க்காத உள்வளையத்தைத்தான் அவர் அதிக நேரம் கழுவ வைத்தார்.

தண்ணீர் விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம். கடையின் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவிவிட்டுச் சக்கரத்தை அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும்; தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அதிலிருந்த சுண்ணாம்பும் உப்பும் அங்கேயே உட்கார்ந்துவிடும். பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு சேர்கிற தாமிரபரணியின் தண்ணீர் அந்தப் பொட்டை விழவிடாது. மலையிலிருந்து வருகிற மெல்லிய தண்ணீர். கார்ப்பரேஷன் குழாயில் வருவது ஆற்றுத் தண்ணீர் என்பதால், கழுவுவதெல்லாம் போரில், கடைசியாக ஒரு வாளி மட்டும் குழாய்த் தண்ணீரில் அலசல். அதற்கு மேல் தரமாட்டார். “குடிக்க வர்ற தண்ணிலே அது. சக்கரத்துக்கு ஒரு வாளி குடுக்குறதே சாஸ்தி.” அலசியதும் உடனே துடைக்கவேண்டும். துடைத்து முடித்து வண்டி கிளம்பும்போது டிரைவரிடம் ஒன்று சொல்லி அனுப்புவார்: மெயின் ரோட்டில் ஏறுமுன் மெல்ல ஓட்டி இரண்டு தடவை பிரேக்கை அமுக்கிப் பாருங்கள். நனைந்த டிஸ்க் காய்ந்தால்தான் பிரேக் சரியாகப் பிடிக்கும். கழுவிய கையோடு ஷெட்டில் நிறுத்திப் பூட்டினால் டிஸ்க்கில் துரு படர்ந்து பேடோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

வண்டியை ஆற்றுக்குள்ளேயே இறக்கிக் கழுவுகிற பழக்கம் அப்போது பரவலாக இருந்தது. படித்துறைக்குப் பக்கத்தில் சரிவான இடம் பார்த்து முட்டளவு தண்ணீரில் வேனை நிறுத்திவிட்டு, பயணம் வந்தவர்கள் குளிக்க, டிரைவர் சக்கரம் தேய்ப்பார். காசு மிச்சம், பொட்டும் விழாது. அண்ணாச்சிக்கு அது பிடிக்காது; தொழில் போகிறதே என்பதால் மட்டுமில்லை. திருநெல்வேலிக்குக் கீழே எத்தனை ஊர் இந்த ஆற்றைக் குடிக்கிறது என்று ஒரு பட்டியல் போடுவார். அது தூத்துக்குடிவரை போகும். அந்தக் காந்தத்தில் தாடியாக முளைத்ததைப் பார்த்த பிறகு எனக்கும் அந்தப் பட்டியலுக்குப் பதில் சொல்ல வரவில்லை. இரும்பாவது பரவாயில்லை. பேடுகளில் செம்பும் இருந்தது. சாலையிலிருந்து மழைநீரோடு ஆற்றுக்குப் போகும் செம்பு மீன்களுக்கு ஆகாது என்பதால் கலிபோர்னியாவில் 2010-இல் சட்டமே போட்டார்கள். பேடில் செம்பின் அளவைப் படிப்படியாகக் குறைத்து 2025-இல் அரை சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று. எங்கள் கடையில் இருந்த சட்டம் அந்த வண்டல் குழி ஒன்றுதான். தண்ணீர் மூன்று தடுப்புகளில் தங்கித் தெளிந்து போகும். அடியில் சேர்வதை அவ்வப்போது அள்ளிச் சாக்கில் கட்டி வைப்போம்.

வருஷத்தில் ஒரு நாள் இந்த நிதானமெல்லாம் செல்லாது. சரஸ்வதி பூஜைக்கு முந்தின ராத்திரி. ஆட்டோ, வேன், லோடு வண்டி, டாக்டர் வீட்டுக் கார் என்று பைபாஸ்வரை வரிசை நிற்கும். ஆயுத பூஜையன்று கழுவாத வண்டியை ஓட்ட யாருக்கும் மனசு வராது. மறுநாள் அதே சக்கரங்களில் சந்தனமும் குங்குமமும் மாலையும். டயருக்கடியில் எலுமிச்சம்பழம். வாரம் கழித்து அந்த வண்டிகள் திரும்ப வரும்போது சந்தனம் காய்ந்து பிரேக் தூளோடு சேர்ந்து இன்னொரு தினுசு கட்டியாகியிருக்கும். “சாமிக்குப் போட்டது, சிராய்க்காம எடு” என்பார் அண்ணாச்சி. வெந்நீர்த் துணியைச் சக்கரத்தில் போர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம்.

காரின் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் எங்கள் ஜில்லாவோடு ஒரு பழைய உறவு உண்டு என்பது பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. களக்காட்டுக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கிற திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். மதுரைக்குப் போய் பஸ் விட்டார்; டி.வி.எஸ். என்கிற பெயர் அவருடையது. அந்தக் குடும்பம் பிற்பாடு சென்னைப் பாடியில் வளர்த்த ஆலைகளில் சக்கரம் செய்ய வீல்ஸ் இந்தியா, பிரேக் செய்ய பிரேக்ஸ் இந்தியா, லைனிங் செய்ய சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்று மூன்றும் உண்டு. ரோட்டில் கிடக்கும் லாட ஆணிகள் பஸ் டயரைக் கிழிக்காமல் இருக்கக் காந்தம் கட்டிய வண்டியை ஓடவிட்டுப் பொறுக்கச் செய்தார் என்று மதுரைப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். தன் ஸ்பீக்கர் காந்தத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “நம்ம ஊர்க்காரன்னா காந்தம் இல்லாம இருப்பானா?” என்று சிரித்தார்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகும் ஊருக்கு வந்தால் கடைக்குப் போவேன். அப்படி ஒரு தடவை நான்தான் சக்கரம் கழுவ ஒரு புது மருந்தை வாங்கிக்கொண்டு போனேன். தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருந்தது. மலையிலிருந்து வந்திருந்த ஒரு காரின் முன்சக்கரத்தில் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஆரங்களிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் ஏதோ ஒழுக ஆரம்பித்தது. எங்கெங்கே துகள் பதிந்திருந்ததோ அங்கெல்லாம் ஊதாக் கோடுகள். அண்ணாச்சி மூக்கைப் பொத்திக்கொண்டார். அழுகின முட்டை நாற்றம்.

அதிலிருப்பது தயோகிளைகாலேட் உப்பு. பியூட்டி பார்லரில் முடியைச் சுருட்டப் பூசுகிற கரைசலில் உள்ளதும் அந்தக் குடும்பம்தான். அந்த நாற்றமும் அங்கே பழகியதே. முடியில் கந்தகப் பிணைப்பை அவிழ்க்கிறது. சக்கரத்தில் இரும்பைப் பிடித்துத் தண்ணீரில் கரைகிற சேர்மமாக மாற்றுகிறது. அந்தச் சேர்மத்தின் நிறம்தான் ஊதா. ஆசிட் மாதிரி எதிர்ப்பட்டதையெல்லாம் அரிப்பதில்லை, இரும்பைத் தேடிப் பிடிக்கிறது. பெரும்பாலும் புளிப்பும் இல்லாமல் காரமும் இல்லாமல் நடுவாகத்தான் தயாரிக்கிறார்கள். நிழலில், ஆறின சக்கரத்தில் அடித்து, காயவிடாமல் நான்கைந்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், காற்றோட்டம் வேண்டும். நாள்பட்ட துகளுக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும். அதற்கும் மசியாததை வண்டிக்கென்று விற்கிற களிக்கட்டியை ஈரத்தோடு உருட்டி எடுக்கலாம். முடித்ததும் மெழுகு ஒரு பூச்சு. மெழுகின்மேல் விழுகிற தூள் லாக்கரைத் தொடாது. அடுத்த முறை வெறும் ஷாம்புக்கே வந்துவிடும்.

அண்ணாச்சி ஊதா ஒழுகி முடியும்வரை குந்தியிருந்து பார்த்தார். ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “இரும்புன்னு நான் காந்தம் வச்சுக் காட்டுனேன். இவன் கலர் வச்சுக் காட்டுதான்” என்றார். பிறகு, “மண்ணு ஒட்டுன வண்டிக்கு இத அடிச்சிராதலே. மண்ணுக்குத் தண்ணி போதும்.”

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை அந்தக் கடைக்கு அதுவரை பார்க்காத அழுக்கைக் கொண்டுவந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. மலையிலும் மழை, அணைகளிலிருந்தும் தண்ணீர். தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளும் கொக்கிரகுளத்துக் கலெக்டர் ஆபீசுக்குள்ளும் வந்துவிட்டது. வண்ணார்பேட்டைத் தெருக்களில் கார்கள் கண்ணாடிவரை மூழ்கிக் கிடந்தன. நான் லீவு போட்டுக்கொண்டு போனபோது கடை ரேம்ப் சேற்றுக்குள் இருந்தது. தொட்டி சாய்ந்திருந்தது. அண்ணாச்சியும் பையன்களும் மண்வெட்டியோடு நின்றார்கள்.

அடுத்த சில வாரங்கள் வண்டிக்காரர்கள் ஒரே புகாரோடு வந்தார்கள்: “அம்பது, அறுபதுல போனா ஸ்டியரிங் வெடவெடன்னு ஆடுது அண்ணாச்சி.” சிலர் அலைன்மென்ட் பார்த்துவிட்டும் வந்திருந்தார்கள். அண்ணாச்சி ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றச் சொல்வார். உள்வளையத்தில் ஒருபக்கமாக வண்டல் படிந்து, காய்ந்து, செங்கல்லாக இறுகியிருக்கும். பேலன்ஸிங்குக்குப் பத்து இருபது கிராமில் ஈயக்கட்டி வைத்துச் சமன் செய்கிற சக்கரத்தில் கையளவு மண் ஒருபக்கம் இருந்தால் ஆடாமல் என்ன செய்யும்? முகப்பை எல்லாரும் கழுவியிருந்தார்கள். உள்ளே கழுவியவர் யாருமில்லை. டிஸ்க்குகள் துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தன. சில வண்டிகளில் பேடு டிஸ்க்கோடு ஒட்டிச் சக்கரமே சுற்ற மறுத்தது. அந்தக் கட்டிகளை ஊறவைத்து, மரக்குச்சியால் பெயர்த்து எடுத்தோம். மலைமண், வயல்மண், தெருமண் எல்லாம் ஒன்றாகக் கலந்த மண். காந்தத்தைக் காட்டினால் அநேகமாக ஒன்றும் ஒட்டவில்லை. இந்த அழுக்கு வண்டிக்குள் பிறந்ததில்லை; ஆறு கொண்டுவந்து வைத்தது. ஊதா மருந்துக்கு அங்கே வேலை இல்லை. தண்ணீரும் பொறுமையும்தான்.

இப்போது கடையில் அண்ணாச்சியின் மகன் நிற்கிறான். அண்ணாச்சி நாற்காலியில். மின்சாரக் கார்களும் வர ஆரம்பித்துவிட்டன. அவற்றின் முன்சக்கரம் அவ்வளவாகக் கறுப்பதில்லை என்பதை அண்ணாச்சி தானாகவே கண்டுபிடித்து எனக்குச் சொன்னார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. வேகம் பாட்டரிக்குள் போகிறது, பேடுக்கு வேலை குறைகிறது என்று விளக்கினேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஏற்றுக்கொண்ட யூரோ 7 விதி, புகைக்குழாயோடு நிற்காமல் பிரேக்கிலிருந்து பறக்கிற தூளுக்கும் முதல்முறையாக அளவு வைத்திருக்கிறது. கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் காருக்கு 3 மில்லிகிராம் என்றேன். சக்கரத்தில் ஒட்டுவது ஒரு பங்குதான், மீதி காற்றில் போய் நம் மூச்சுக்குள் இறங்குகிறது என்பதால் வந்த விதி அது.

“மின்சாரம் வர்றதுக்கு முன்னயே நாம இத சொன்னோம்லா” என்றார். உண்மைதான். மாஞ்சோலையிலிருந்து இறங்கிவரும் ஒவ்வொரு டிரைவரிடமும் அவர் சொல்லி அனுப்பியது, ஏறின கியரிலேயே இறங்குங்கள் என்பது. இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டால் போதும். டிஸ்க் சூடேறாது, பேடு கருகாது, சக்கரம் கறுக்காது. கேட்டு நடந்தவர்களின் வண்டி அடுத்த தடவை வந்தபோது முன்சக்கரத்தில் வித்தியாசம் எங்களுக்கே தெரிந்தது. கழுவ அரைவாசி நேரம் போதுமானதாக இருந்தது.

இப்படி எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தால் நம் பிழைப்பு என்னவாகும் அண்ணாச்சி என்று அந்த நாளில் கேட்டிருக்கிறேன். அவர் யோசிக்கவே இல்லை.

“பிரேக்கே பிடிக்காம ஓட்டுதவன் வண்டி நம்ம கடைக்கு வராதுலே. நேரா ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் போவும்.”